கோட்டாற்றுத் தேரன்று வந்த பெட்டி

"என்ன வேலை பாக்க?" என்று யாராவது கேட்டால் பெமிலாவுக்கு எரிச்சல் வரும். ஒருமுறை வீட்டுக்காரம்மாளிடம் "புரோட்டீன் ஆராய்ச்சி" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். மறுநாளே அந்த அம்மாளின் மகன் விபின் மாடியேறி வந்து, ஜிம்முக்கு ஒரு டப்பா கிடைக்குமா என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அதிலிருந்து "காலேஜில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

வேலை என்னவோ அழகான வேலைதான். உடம்பிலுள்ள செல்லிடம் "நேரமாச்சு, இனி நீ ரெண்டாகு" என்று உத்தரவு போடும் கைனேஸ் என்றொரு புரதம் உண்டு. புற்றுநோயில் அந்த உத்தரவு ஓய்வதே இல்லை. முட்டம் பாறைகளில் படரும் கடல்பாசியின் சாறு அதன் வாயை அடைக்குமா என்று பார்ப்பதிலேயே அவளுக்கு ஆறு வருடம் போயிருந்தது. ஒன்று இரண்டாகிற சங்கதியைப் படிக்கிறவள் ஒற்றையாகவே நிற்கிறாளே என்று அண்ணன் பெனின் தோஹாவிலிருந்து கிண்டலடிப்பான். முன்பெல்லாம் அவளும் சிரிப்பாள். தை மாதம் அம்மை வியாகுலம்மாள் போய்ச் சேர்ந்தபிறகு சிரிப்பு வரவில்லை. கடியபட்டணம் கடற்கரையில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, காலேஜ் ஹாஸ்டலிலிருந்து நாகர்கோவிலில் ஒரு மாடி அறைக்கு மாறிவிட்டாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொழுது சாய்ந்துவிடும்.

கடைசிச் சோதனைக்கு அந்தக் கைனேஸ் சுத்தமான மாதிரியாக வேண்டும். ஒரு வருடம் நச்சரித்த பிறகுதான் பேராசிரியர் வரவழைக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு குப்பி, இன்னொன்று கிடையாது. மார்ச்சோடு அவளுடைய உதவித்தொகையும் முடிகிறது. அதை அனுப்பும் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "டிசம்பர் மூன்றாம் தேதி வந்து சேரும். வாங்கிக்கொள்ள ஆள் இருக்குமா? குளிருக்கு வைக்கும் உலர்பனி அதற்குமேல் தாங்காது."

"நான் இருப்பேன்" என்றாள். அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள். முகூர்த்தநாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இறங்கிப் பார்த்தால் காலேஜ் கேட் பூட்டிக் கிடந்தது. காவலாளி சுயம்புராஜ் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு எதுக்கு டீச்சர் வந்திய? கோட்டாறு தேருல்லா. ஜில்லாவுக்கே லீவு."

கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவை மறந்த கடற்கரைக்காரி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சொல்லிவைத்தாற்போல் கூரியர்க்காரன் வந்து தெர்மோகோல் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். லேப் சாவி இரண்டு. ஒன்று பேராசிரியரோடு மதுரைக்குப் போயிருந்தது. மற்றது கூட ஆராய்ச்சி செய்யும் ஆன்ஸ்லினிடம். அவன் போனை எடுக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். உலர்பனி ஒரு பிடிதான் மிச்சமிருந்தது. மைனஸ் எண்பதில் கிடக்க வேண்டிய சாமான், உருகினால் அதன் வேலை தீர்ந்தது. பெட்டியைச் சுயம்புராஜிடம் விட்டுப்போக மனம் ஒப்பவில்லை. ஆன்ஸ்லின் தேருக்குத்தான் போயிருப்பான் என்று, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோட்டாற்றுக்கு ஆட்டோ ஏறினாள். ஆட்டோ பாதி வழிதான் போயிற்று, மீதித் தெருவெல்லாம் ஜனம்.

"தேர் அன்னைக்கு என்ன மீனு மக்கா கொண்டு போற?" என்று பூ விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்.

"மீனில்ல, மருந்து."

"அய்யோ, ஆருக்கு?"

நிஜமான கவலையோடு கேட்டாள் அவள். சொல்வதற்குப் பெமிலாவிடம் ஒரு பெயர் இல்லை. நெரிசலுக்குள் நுழைந்துவிட்டாள்.

தேரடியில் நேர்ச்சையாக உப்பும் மிளகும் போட நின்ற குடும்பங்களுக்கு நடுவில் ஆன்ஸ்லினைக் கண்டுபிடித்தாள். "அக்கா, நீங்களும் வந்தியளா?" என்று அவன் முகம் மலர்ந்தது. அவன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வா மக்கா, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போலாம்" என்றாள். அந்தக் கையின் சூட்டை விட மனமில்லாமல் பெட்டியை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"சாவி, ஆன்ஸ்லின்" என்று மட்டும் சொன்னாள்.

சாவி அவன் வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு அவள் காலேஜுக்குத் திரும்பும்போது உச்சி வெயில். லேப்பைத் திறந்து, பெட்டியைத் திறந்து, குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சின்னத் துளி அங்குமிங்கும் உருண்டது. பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் அதை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பிறகு பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் நெடுமூச்சு விட்டார்.

"ஏம்மா, அது உங்க திருவிழா. மதுரைக்காரன் நான் மறந்தா நியாயம். நீயே மறக்கலாமா?"

"எனக்கு அந்தத் தேதிய ஞாபகம் வச்சுப் பழக்கமே இல்ல சார். கோட்டாத்துல கொடியேறின அன்னைக்கு அம்மை போன் பண்ணுவா. மூணாந்தேதி தேரு, லீவு, வெள்ளனவே வந்துருன்னு சொல்லுவா. இந்த வருசம் ஒருத்தரும் பண்ணல."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"சார், லைன்ல இருக்கியளா?" என்று கேட்டாள் பெமிலா. அவர் திட்டினாலும் சரி, போனை வைக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.