குஞ்சு ஷெட்டில் வைத்த டெஸ்க்டாப்

கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை நீட்டினால் சுடுகாற்று அடிக்கும். மார்கழிக் காலையில் அது சுகமாகத்தான் இருந்தது...

சேந்தமங்கலம் போகிற வழியில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே குஞ்சு ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் சாந்தி அக்கா. நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குஞ்சுகள் நெருக்கியடித்து நிற்பது கேமராவில் தெரிந்தால், குளிர் என்று எடுத்துக்கொண்டு பல்பைப் போட்டுச் சூடேற்றும் புரோகிராம் என்னுடையது.

அதை ஓட்ட இரண்டு வழி இருந்தது. ஒன்று, உள்ளங்கை அளவு போர்டு. அதிகம் பேர் வாங்காத சிப். பதினாறு சின்னக் கோர், ஃபேன் கிடையாது, ஒரு குண்டு பல்பு அளவுக்குக்கூடக் கரண்ட் இழுக்காது. கோர்கள் ஆளுக்கொரு மூலையாகப் படத்தைப் பங்குபோட்டுப் பார்க்கும். ஒரு படத்துக்கு அரை நிமிடம்.

இன்னொன்று டெஸ்க்டாப். கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். எனக்கு வேகத்தின் மேல் பைத்தியம். டெஸ்க்டாப்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வெளியே வைக்கக் கேமரா வயர் எட்டவில்லை... அதனால் ஷெட்டுக்குள்ளேயே இரண்டு செங்கல் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார்.

"தம்பி, எல்லா பல்பும் எரியுதுங்க. குஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்குது."

"நெருக்கியடிச்சு நிக்குதுன்னு காட்டுதுங்க அக்கா. குளுருதான்."

"எங்க நெருக்குதுன்னு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பல்புச் சூடு எட்டாத மூலையில், டெஸ்க்டாப்பின் சூட்டுக்கு அதன் பின்னால் ஒண்டிய குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் புரோகிராம் பல்பைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அடியில் சிக்கிய பதினொன்று செத்துக் கிடந்தன.

அக்கா திட்டவில்லை. "அர நிமிசத்துல குஞ்சு எங்கீங்க ஓடிரப் போவுது?" என்று மட்டும் கேட்டார். செத்தவற்றை நான்தான் பொறுக்கி எடுத்தேன். அவமானமாக இருந்தது. மத்தியானமே போர்டை மாட்டினோம்.

இப்போது பெங்களூரில் சிப்களை ஒப்பிடுவதுதான் என் வேலை. வேகத்தில் இன்றும் டெஸ்க்டாப்தான் முதலிடம், அதில் பொய்யில்லை. ஏசி அறையில் எல்லாமே நல்ல சிப்தான்... அங்கே தப்பு செய்தாலும் "வந்து பாருங்க" என்று கூப்பிட ஆள் இல்லை.

போன வாரம் அக்காவே பேசினார். புது மெஷின் விற்க யாரோ வந்திருக்கிறார்களாம்.

"பயங்கர ஸ்பீடுங்கறாங்க தம்பி. நீங்க வந்து பாத்துட்டுச் சொன்னாத்தான் வாங்கறதுங்க. நீங்கதான் பட்டவரு."

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.