வெங்கடபதி இடுப்பில் கட்டிய கயிறு

சோமனூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தை ஒட்டியது வெங்கடபதியின் தோட்டம். அவர் பிறந்தபோதே நாற்பத்திரண்டாம் வயதில் நீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதிவிட்டார்கள். அவருடைய தாயார் அவரைக் கிணற்றில் இறங்கவே விடவில்லை. சிறுவயதில் நாங்கள் குதித்து நீந்தும்போது மேட்டில் உட்கார்ந்து எங்கள் துணிகளுக்குக் காவல் இருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைத்தார். குழாயின் அடிமுனையில் பாசி அடைத்துக்கொண்டால் யாராவது முங்கிப் போய் எடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை அடைக்கும். அதுவரை அதை எடுத்துக்கொண்டிருந்த காளிச்சாமி மில் வேலைக்குப் போய்விட்டான். எனக்குக் காதில் சீழ், முங்கக் கூடாது. பருத்தியோ பூ விட்டு நின்றது. வெங்கடபதிக்கு அப்போது நாற்பத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

நீந்தப் பழகிக்கொள்வதென்று அவர் முடிவு செய்தார். அவர் மனைவி பங்காரம்மா இரண்டு நாள் சோறு உண்ணவில்லை. பத்து ஊர் மோட்டார்களைப் பார்க்கும் பிட்டர் அமீர் ஹம்சாதான் ஓய்ந்த நேரத்தில் வந்து அவர் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டார்.

"ஏனுங்க, எருமைகூட எறங்குனதும் நீந்துதுங்க. நீங்க இன்னும் படியவே புடிச்சுட்டு நிக்கறீங்க" என்று கேலி செய்வார்.

பதினைந்து நாளில் மிதக்க வந்தது. முங்குவதற்குக் குடுக்கை ஆகாது. கயிறில்லாமல் விடமாட்டேன் என்று பங்காரம்மா பிடிவாதமாகச் சொல்லி, கவலைக்கு இருந்த பழைய வடத்தை அவர் இடுப்பில் கட்டினார். காரமடை ரங்கநாதருக்கு முடிந்த மஞ்சள் துணியையும் அந்த முடிச்சிலேயே சேர்த்தார். கயிறு அசைந்தால் மேலே இழுப்பதென்று பேச்சு. முன்னால் பங்காரம்மா பிடித்தார்; பின்னால் நான்.

வெங்கடபதி முங்கினார். பச்சைத் தண்ணீர் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கயிறு வெடுக்கென்று அசைந்தது. இழுத்தோம். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தோம். வடம் கம்பிபோல் விறைத்து நின்றது. கீழிருந்து குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

படியில் நின்ற அமீர் ஹம்சா தலையை நீருக்குள் விட்டுப் பார்த்து எழுந்தார்.

"அம்மா, கவுறு கொழாயச் சுத்திப்போட்டுதுங்க. நீங்க இழுக்கறதுதான் அவரப் புடிச்சு வெச்சிருக்குது. உட்டுப்போடுங்க."

நான் விட்டேன். பங்காரம்மாவின் கை விடவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தும் விடவில்லை.

"சாமி கவுறுங்க அது" என்றார்.

"உடுங்க அம்மா."

ரங்கா என்று ஒரு சொல் சொல்லி விரல்களைத் திறந்தார். வடம் பாம்புபோல் கிணற்றுக்குள் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இருமல் சத்தம் கேட்டுத் திறந்தபோது வெங்கடபதி படியைப் பற்றிக்கொண்டிருந்தார். மூக்கில் ரத்தம். இடுப்பில் கயிறு இல்லை, தளர்ந்ததும் உருவிவிட்டிருக்கிறார். ஒரு கை நிறையப் பாசி.

"மோட்டாரப் போட்டுப் பாருங்க" என்றார்.

தண்ணீர் வந்தது.

அந்த நாற்பத்திரண்டாம் வயது முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை அவர் கயிறில்லாமல் முங்குவார். பங்காரம்மா மேட்டில் நின்று நாமம் சொல்லுவார். வெங்கடபதியின் தலை மேலே தெரிகிறவரை என் கைகளும் இறுக மூடியே இருக்கும்.