அக்காவின் கொல்லை வெறும் நிலம் இல்லை

நெதர்லாந்தில் மழையில் நனைந்துகொண்டே மழை இல்லை என்பார்கள். போன வாரம் சைக்கிள் ஸ்டாண்டில் யோஹன் போனை நீட்டி, மழை ஆப்பைக் காட்டினார். "ரேடாரில் ஒன்றுமில்லையே." அவர் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. சாட்டிலைட் படங்களைப் படிக்க எனக்கு இங்கே பயிற்சி தருபவர் அவர்தான்.

பயிற்சியில் அவரவர் ஊர்ப் படத்தை எடுத்து, நிலத்தைக் கட்டம் கட்டமாக வகை பிரிக்க வேண்டும்: ஆறு, வீடு, வயல், வெறும் நிலம். வயல் என்று குறித்த இடத்துக்கு மட்டும்தான் வறட்சி எச்சரிக்கை போகும். நான் திருச்சி மாவட்டத்தை எடுத்தேன். ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் கண்ணை மூடிக்கொண்டே குறித்துவிட்டேன். தென்மேற்கே, நான் பிறந்த மருங்காபுரிப் பக்கம் பரந்து கிடந்த செம்மண்ணுக்கு 'வெறும் நிலம்' என்று போட்டு, பெருமையாக அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே எங்கள் கொல்லையில்தான் அக்கா மழையை மட்டும் நம்பி, மானாவாரியில் கடலையும் உளுந்தும் போடுகிறாள்.

உடனே போன் வந்தது.

"ஏண்டி, இதுல நம்ம கொல்லை எங்க?"

"அந்தச் செவப்பு இருக்குல்ல, அதாங்க்கா."

"அதுல வெறும் நிலம்னு போட்டிருக்கே. கோடை உழவு ஓட்டிட்டு மழைக்குக் காத்துக் கெடக்குற மண்ணுடி அது. அதுல வெளஞ்ச கடலையைத் தின்னுட்டுத்தானே நீ காலேஜுக்குப் போன?"

வேலை கிடைத்து ஸ்ரீரங்கத்தில் பத்து வருடம் குடியிருந்தவள் நான். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். பச்சை இல்லாத மண்ணெல்லாம் எனக்கு வெறும் மண்ணாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரன் செய்த தப்பு என்றால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். வெட்கமாக இருந்தது.

மறுநாள் யோஹனிடம் திருத்த வேண்டும் என்றேன். இது மே மாதப் படம், இதில் பயிர் இல்லை, எனவே குறித்தது சரி என்றார். நேரில் பார்த்ததற்குக் களச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். "அக்கா இருக்கிறாள்" என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, சொந்த ஊர் என்பதால் உணர்ச்சிவசப்படுகிறாய் என்றார். ஆமாம், சொந்த ஊர்தான். திருத்தாத வரைபடத்தில் என் பெயரைப் போட மாட்டேன் என்றேன். பெயர் இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்றார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஸ்கூட்டரில் சுற்றி, ஒவ்வொரு கொல்லையையும் உழவுசால் தெரியப் படமெடுத்து, இடக்குறியோடு அனுப்பினாள். நான் போன வருட மழைக்குப் பிந்தைய மாதங்களின் சாட்டிலைட் படங்களைத் தேடி வரிசையாக அடுக்கினேன். மே மாதப் படத்தில் சிவந்து கிடந்த அதே கட்டங்கள் இவற்றில் பச்சையாக இருந்தன. யோஹனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டம் கட்டமாகப் பார்த்தார். "உன் அக்காவையும் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை, நான் குடியிருக்கும் வீட்டையும் படத்தில் தேடினேன். அந்த மாதம் எடுத்த அத்தனை படத்திலும் மேகம். நான் இருக்கிற ஊர் வெள்ளையாகக் கிடந்தது, நான் இல்லாத கொல்லை வரப்போடு தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"அங்க தெரியாட்டி என்னடி? இங்க தெரியுதுல்ல. உன் பேரை இங்கயே போட்டுக்க."

அந்தச் சிவப்புக் கட்டத்தின் மேல் 'வயல்' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டேன்.