இரண்டு சக்கர வில்

பிள்ளையார் கோயில் வாசலில் வரிசையாகப் புது வண்டிகள். ஒவ்வொன்றின் முன்சக்கரத்தடியிலும் ஒரு எலுமிச்சம்பழம். வரிசையின் கடைசியில், தரையில் விரித்த துண்டின்மேல், ஒரு வில். அதன் இரண்டு முனைகளிலும் நாண் சுற்றிக்கொண்டு ஓடுவதற்கென்று இருந்த சின்னச் சக்கரங்களுக்கு அடியிலும் தலா ஒரு எலுமிச்சம்பழம். கேம்ப் ரோட்டின் காலை வெயில் அந்த மஞ்சளில் வந்து உட்கார்ந்திருந்தது. வண்டி எங்கே என்று குருக்கள் கேட்டபோது என் அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "இதான் சாமி வண்டி. ரெண்டு சக்கரம் இருக்கு பாருங்க." குருக்கள் குனிந்து ஒரு சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இருந்தது. சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பூ சுற்றினார். பழத்தை நசுக்குவது எப்படி என்பதில்தான் அவருக்குக் குழப்பம். அண்ணி அதைத் தீர்த்துவைத்தார். இரண்டு பழங்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய் ஜூஸ் போட்டுவிட்டார்.

அந்த வில்லுக்கு முன்னால் ஒரு வருடம் அண்ணியின் வலது தோள் பூட்டிக்கொண்டு கிடந்தது. விழவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஒருநாள் கொடியில் துணி போடக் கை தூக்கியபோது தோள் வரமாட்டேன் என்றது, அவ்வளவுதான். அதிலிருந்து அவருக்குத் தலை பின்னிவிட்டது என் அண்ணன். அஸ்தினாபுரம் வீட்டு வராந்தாவில், ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு. அந்தப் பின்னல் காதுப் பக்கம் தொடங்கி எங்கோ போய் எப்படியோ முடியும். அண்ணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பரவால்லைங்க, இன்னிக்கு ரோடு கொஞ்சம் நேரா போட்டிருக்கீங்க" என்பார். சிரிப்பார். ஆனால் கூந்தலுக்கு எட்டாமல் பாதியில் நின்றுவிடும் தன் கையை, யாருடைய கையோ என்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். பயிற்சிகளில் தோள் மெல்ல இளகிய பிறகு, அடுத்து என்ன செய்யலாம் என்று பிசியோதெரபி மேடத்திடம் கேட்டாராம். பாரம் அதிகமில்லாத எதுவும் செய்யலாம், நீச்சல், பந்து, வில்கூட இழுக்கலாம் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவைக்க, அண்ணி மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்கு அதைவிட உற்சாகம். வெளிநாட்டில் வசந்தம் வந்தால் வில்லோடு காட்டுக்குள் உட்கார்ந்து வான்கோழி வேட்டையாடுகிறார்களே, அந்த வீடியோக்களை அவர் போனில் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். இங்கே காட்டு வான்கோழியும் கிடையாது, வேட்டைக்கு அனுமதியும் கிடையாது. ஆனால் காட்டாங்குளத்தூரைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில், பங்குனி பிறந்ததும், வில் பழகுகிறவர்கள் ஃபோம் மிருகங்களை நட்டுவைத்து ஜோடிப் போட்டி நடத்தினார்கள். மான், பன்றி, கடைசியாகப் புதரோரம் ஒரு வான்கோழி. அந்த வான்கோழிக்காகத்தான் நாங்கள் குரோம்பேட்டை பாய் கடை மாடியேறினோம்.

கேரம் போர்டுகளுக்கும் ஷட்டில் பேட்டுகளுக்கும் நடுவே வில்கள் தொங்கின. அண்ணன் நேராக அறுபது பவுண்டு இழுவைக்குப் போனார். இலைதழை அச்சடித்த சட்டை ஒன்று, மூன்று பிளேடு வைத்த அம்பு முனை, உரசினால் பெட்டை வான்கோழி மாதிரி கத்தும் ஒரு சின்ன மரப்பெட்டி என்று மேஜைமேல் குவித்தார். பிளேடு போட்டால் பொம்மை கிழிந்துவிடும், போட்டியில் சேர்க்கமாட்டார்கள் சார் என்று சொல்லி, பாய் முனையை மட்டும் திருப்பி எடுத்து வைத்தார். மரப்பெட்டியை உரசிக் காட்டியபோது கீழே தெருநாய் பதில் சொன்னது. இதை யாரைக் கூப்பிட வாங்குகிறீர்கள் என்று அண்ணியும், அதெல்லாம் ஒரு செட்டு என்று அண்ணனும்.

அண்ணி எந்த வில்லையும் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டார். கொண்டுவந்ததும் அதில் உட்கார்ந்துகொண்டார். "செருப்பு வாங்குனா நடந்து பாக்குறோம்ல பாய்? வான்கோழிய உக்காந்துதான் அடிக்கணுமாம். அதனால உக்காந்தே இழுத்துப் பாக்குறேன்." ஒவ்வொரு வில்லாக வாங்கி, மெதுவாக இழுத்து, இழுத்த நிலையிலேயே வைத்துக்கொண்டு பாயின் பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். பேச்சு திக்கினால் அந்த வில் வேண்டாம். பேச்சு திக்காமல் வந்தது முப்பது பவுண்டில். சக்கரம் வைத்த வில்லில் ஓர் அழகு உண்டு. முதலில் முரண்டு பிடிக்கும். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் சக்கரம் புரண்டு பாரத்தில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். அண்ணன் முறை வந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்த இழுப்பில் வில் கூரையைப் பார்த்துப் போய் ஃபேனில் இடித்தது. சைக்கிள் கடையில் இடுக்கிப் பிடித்த டயர் மாதிரி இருக்கிறதே முகம் என்று அண்ணி கேட்டார். அப்படியும் அண்ணன் அந்த அறுபது பவுண்டையேதான் வாங்கினார். அண்ணி வாங்கிய முப்பது பவுண்டுதான் கோயிலுக்குப் போனது.

போட்டியன்று, கடைசி இலக்கான வான்கோழிக்காக, பச்சைத் துணிக் கூடாரத்துக்குள், முக்காலியில் உட்கார்ந்து, அண்ணன் முதலில் இழுத்தார். வில் பாதியோடு நின்றது. மறுபடி இழுத்தார். அந்த அறுபது பவுண்டு வில் அவரைச் சட்டையே செய்யவில்லை. எழுந்து வெளியே வந்து ஓரமாக நின்றுகொண்டார். இனி அண்ணியின் ஓர் அம்புதான். முழுக்க இழுத்த நாணை இறக்கிவிட்டால் வாய்ப்புப் போச்சு என்பது விதி. அண்ணி இழுத்தார். வலது முழங்கை மெல்லப் பின்னால் போனது, மேட்டைத் தாண்டியது, நின்றது.

அப்போதுதான் தோப்போரத்து வீட்டிலிருந்து ஒரு நாட்டுக்கோழி நடந்து வந்தது. நிஜக் கோழி. பொம்மை வான்கோழிக்கு முன்னால் வந்து நின்று, அதன் காலடியைக் கிளறத் தொடங்கியது. எய்தால் கோழி மேல் படும். இறக்கினால் எல்லாம் முடிந்தது. கோழியோ சாவகாசமாக ஒரு புழுவைத் தூக்கி, கீழே போட்டு, மறுபடி தூக்கியது. அண்ணியின் தோளைப் பார்த்தேன். ஒரு வருடம் கொடிவரைக்கும் போகாத தோள். அதன் ஓரம் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது.

"என்னங்க," என்றார் அண்ணி, கன்னத்தை நாணிலிருந்து எடுக்காமல், மெதுவாக. "அந்தப் பெட்டி."

அண்ணன் சட்டைப் பையைத் தடவி மரப்பெட்டியை எடுத்து ஒரு உரசு உரசினார். உலகில் எந்த வான்கோழியும் போட்டிராத ஒரு சத்தம். நாட்டுக்கோழி கழுத்தை நீட்டிக் கேட்டது. மறு உரசலில் என்ன புரிந்ததோ, ஓடவில்லை, நேரே அண்ணனை நோக்கி நடந்து வந்துவிட்டது. பின்னால் வான்கோழி தனியாக நின்றது. சட்டென்று நாண் ஒலித்தது. அம்பு இறக்கைக்குக் கீழே, வட்டத்துக்குள். அண்ணி வில்லை மடியில் வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கி, பின்னந்தலையில் அவிழ்ந்து கிடந்த அண்ணன் போட்ட பின்னலைத் தொட்டுப் பார்த்தார். காலடியில் கோழி நிற்க, அண்ணன் இன்னும் பெட்டியை உரசிக்கொண்டிருந்தார்.

அந்தச் சவுக்குத் தோப்பு இன்று அடுக்குமாடி. போன வாரம் நான் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அதே கோயில், அதே குருக்கள், புருவம் மட்டும் நரைத்திருக்கிறது. என்னோடு வந்திருந்த அண்ணியைக் கண்டதும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ரெண்டு சக்கர வண்டி நல்லா ஓடுதாம்மா?" நல்லா ஓடுது சாமி என்றார் அண்ணி. நான் வண்டியை நகர்த்தினேன். இந்த முறை பழம் நசுங்கி மணம் எழுந்தது. அண்ணி பின்னால் ஏறிக்கொண்டார். கேம்ப் ரோட்டில் காற்று பின்னாலிருந்து அண்ணியின் கூந்தலை என் தோள்மேல் கொண்டுவந்து போட்டது. வேகத்தடை வந்ததும், பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணி என்றேன்.

"எப்படிப்பா புடிக்கிறது? ரெண்டு கையும் வேலையா இருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். ஹேர்பின்னை உதட்டில் கடித்தபடி, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் தூக்கி, ஓடுகிற வண்டியில் அண்ணி கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.