கிணற்றுமேட்டில் நின்ற காட்டுமாடு

சன்னல் இடுக்கில் முகத்தை வைத்தபோது முதலில் வந்தது ஒரு வாடை. மென்ற புல்லோடு எண்ணெய்ப் பிசுக்குச் சேர்ந்ததுபோன்ற கனத்த வாடை, அதற்குப் பின்னால் கொல்லன் துருத்தியைப் போல இழுத்து விடும் மூச்சு. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, கிணற்றுமேட்டில், காட்டுமாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. உடம்பு கருத்த பழுப்பு. நான்கு கால்களும் முட்டிக்குக் கீழே வெளுத்திருந்தன. தலையைத் தாழ்த்திக் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து, எருமைக் கன்றின் குரலைவிட மெல்லியதாக, ஒரு குரல் வந்தது.

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை வரிசையாக ஏமாற்றிய வருஷங்களில் ஒன்று. எங்கள் வீடு உத்தமபாளையத்தில். தோட்டம் கிழக்கு மலையின் அடிவாரத்தில். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். திராட்சை பழுக்கும் காலத்தில் அவர் எங்களைத் தோட்டத்துக்கே கூட்டிப்போய்விடுவார். செங்கல் சுவரெழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, ஒரு மூலையில் மோட்டார் ஸ்டார்ட்டரும் மாட்டியிருந்த அந்த ஒற்றை அறையை நாங்கள் ‘சீட்டு வீடு’ என்போம். முன்பக்கம் ஒரு கதவு, ஒரு சன்னல், அவ்வளவுதான். முந்தின நாள் அத்தா பழம் ஏற்றிய வண்டியோடு கேரளா போயிருந்தார். வீட்டில் அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி மூவர் மட்டும் இருந்தோம்.

அந்தக் கிணறு அத்தாவின் அத்தா வெட்டியது. சுற்றுச்சுவர் கிடையாது, வெட்டிய மண்ணையே கரையில் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதன் சொந்த ஊற்று வற்றிப் பல வருஷமாகியிருந்தது. பக்கத்தில் ‘போர்’ போட்டு, அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விழவைத்து, அங்கிருந்து கொடிகளுக்குப் பாய்ச்சுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. ஒருவர் ஆழமாகப் போர் போட்டால் அடுத்தவர் இன்னும் ஆழமாகப் போட்டார். போட்டியில் எல்லாக் கிணறுகளும் சேர்ந்து வறண்டன. மலைமேல் காட்டைத் திருத்தி ஏலமும் தேயிலையும் வைத்தது எங்களுக்கு முந்திய தலைமுறையின் வேலை. சரிவில் இருந்த புல்லைக் கோடைதோறும் தீ தின்றது. தீ பட்ட இடத்தில் புல்லுக்குப் பதிலாக ‘உண்ணிச்செடி’ புதராக மண்டியது. அதை எந்த மாடும் மேயாது. மலையிலிருந்து இறங்கும் ஓடை அந்த வருஷம் பொங்கலுக்கு முன்பே நின்றுபோயிற்று. பிறகு எட்டாம் வகுப்பில் புவி வெப்பமாதல் என்று ஒரு பாடம் படித்தோம். அதில் பனிக்கரடியின் படம் போட்டிருந்தது. நான் வகுப்பில் உட்கார்ந்து, கிணற்றுமேட்டில் நின்ற அந்த வெளுத்த கால்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா செய்த முதல் காரியம், கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டு அதன்மேல் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்தது. அடுத்து ஓடிப்போய் ஸ்டார்ட்டரில் இருந்த ‘ஆட்டோ’ சுவிட்சை அணைத்தது. மூணு ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வந்ததும் மோட்டார் தானாக ஓடட்டும் என்றுதான் அந்தச் சுவிட்சு வைத்திருந்தோம். ஓடினால் தண்ணீர் நேரே கிணற்றுக்குள், அங்கே விழுந்து கிடந்த அதன் கன்றின் மேல் விழும்.

வெயில் ஏறிற்று. கூரை சூடாகி அறைக்குள் வெப்பத்தை இறக்கியது. குடத்தில் அடித்தண்ணீர்தான் இருந்தது. காலையில் கிணற்றடிக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்று இரவு விட்டுவைத்திருந்தோம். அம்மா அதைத் தம்பிக்கு மட்டும் வாய் வாயாகக் கொடுத்தாள். எனக்கு ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள். ஒதுங்க வெளியே போக முடியாததால் மூலையில் ஒரு வாளியை வைத்து, அதன்முன் சேலையைக் கட்டி மறைத்தாள். தம்பி வெளியே போகவேண்டும் என்று கதவை உதைத்து அழுதான். அவன் அழும்போதெல்லாம் காட்டுமாடு தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. அதனால் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டு அவளும் அழுதாள். கிணற்றுக்குள் இருந்து கன்று கூப்பிடும்போது தாய் கரையின் விளிம்புவரை போய் முன்காலை மடக்கும், மண் சரிந்து உள்ளே விழும், உடனே பின்வாங்கும். இப்படியே எத்தனை தடவை என்று சொல்ல முடியாது.

அது எப்போதம்மா போகும் என்று கேட்டேன்.

“புள்ள உள்ள கெடக்கு. எங்கிட்டுப் போகும்? நான்னா போவனா?” என்றாள் அம்மா.

தோட்டக் காவல் பார்க்கும் முருகேசன் மாமா வழக்கம்போலக் காலையில் வந்தவர், தூரத்திலேயே பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஓடியிருக்கிறார். அவர் சொல்லித்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். திராட்சைப் பந்தலுக்கு அப்பால், வண்டிப் பாதையில் தலைகள் தெரிந்தன. வனத்துறைக் காவலர் ஒருவரும் வந்திருந்தார். வெயில் நன்றாக ஏறிய பிறகு, பழவண்டியில் திரும்பிய அத்தாவும் அந்தக் கூட்டத்தில் வந்து நின்றார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் கிணறு, கிணற்றுமேட்டில் அது. அவர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் அவரைப் பார்க்கிறோம். அவரால் வர முடியவில்லை, எங்களால் போக முடியவில்லை. அத்தாவை அவ்வளவு சிறிதாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கூட்டத்தில் யாரோ வெடி கொண்டுவந்திருந்தார்கள். வெடியைப் போட்டால் ஓடிவிடும் என்பது பலருடைய யோசனை. காவலர் வேண்டாம் என்றார். கன்று உள்ளே இருக்கும்வரை அது ஓடாது, மிரண்டு வீட்டின்மேல் பாயும், இல்லாவிட்டால் அதுவும் கிணற்றில் விழும் என்றார். இதெல்லாம் அத்தா உரக்கச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. காட்டுமாடு காதை மட்டும் அசைத்தது. அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“வெடியெல்லாம் வேணாங்க. அது தண்ணிக்குத்தான் எறங்கி வந்திருக்கு. அதுவும் இன்னும் குடிக்கல. கரண்டு வந்தா நான் தண்ணிய மேகாட்டுக்குத் திருப்பி விடுறேன்.”

போர்க் குழாயில் ஒரு ‘வால்வு’ உண்டு. அதைத் திருப்பினால் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல், மலைப்பக்கம் நாங்கள் காயவிட்டிருந்த வரிசைகளின் வாய்க்காலுக்குப் போகும். ஆனால் வால்வு வெளியே, வீட்டுச் சுவரின் மூலையில் இருந்தது. கதவைத் திறந்து இறங்கித்தான் போகவேண்டும்.

“நீ வெளிய வராத” என்றார் அத்தா.

“உள்ள இருந்து மட்டும் என்ன செய்யப்போறேன்?” என்றாள் அம்மா. அதை அவருக்குக் கேட்கும்படி சொல்லவில்லை.

கரண்ட் வந்தது உச்சிவெயிலில். ஸ்டார்ட்டரின் விளக்குகள் எரிந்ததும், கதவைத் தான் சாத்திய பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, அம்மா மூட்டையைத் தள்ளினாள். தம்பியை என் இடுப்பில் வைத்தாள். கதவைத் திறந்து வெளியே இறங்கி, அதை மெதுவாகச் சாத்தினாள். பொத்தானை அழுத்திவிட்டுச் சன்னலுக்கு ஓடினேன். மோட்டார் உறுமியதும் காட்டுமாடு முழுவதுமாகத் திரும்பிவிட்டது. அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அது மூக்கால் ஒரு நீண்ட சீறலை விட்டு, ஓரடி எடுத்துவைத்தது. அம்மா அசையவில்லை. முக்காட்டைக்கூடச் சரிசெய்யவில்லை. அது நின்றது. போர்த்தண்ணீர் மேலேறி வருவதற்குள், அம்மா குனியாமல், பார்வையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி வால்வைத் திருகினாள். துருப்பிடித்த வால்வில் அவள் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனதை அன்று சாயங்காலம்தான் கவனித்தோம்.

மலைப்பக்கக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர். காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்த வாசனை எங்கள் அறைவரைக்கும் வந்தது. காட்டுமாடு தலையை உயர்த்தியது. கிணற்றைப் பார்த்தது, தண்ணீர்ப் பக்கம் நடந்தது. கன்று ஒருமுறை கூப்பிட, திரும்பி வந்தது. மறுபடி போனது. வாய்க்காலில் வாயை வைத்த பிறகு அதனால் எடுக்க முடியவில்லை. அத்தனை தாகம்.

அந்த இடைவெளியில் அத்தா ஓடிவந்து எங்களை அள்ளிக்கொண்டு பாதைக்குப் போனார். யாரோ தண்ணீர்ப் பானையை நீட்டினார்கள். நான் குடித்துக்கொண்டே இருந்தேன், மூச்சு முட்டும்வரை.

அதற்குள் செங்கல் சூளையிலிருந்து ஒரு ஜே.சி.பி. வந்து நின்றிருந்தது. கிணற்றின் ஒரு பக்கக் கரையைச் சரிவாக வெட்டி வழி செய்தால் கன்று தானே ஏறிவிடும், கயிறு கட்டித் தூக்கினால் மிரண்டே செத்துப்போகும் என்றார் காவலர். வெட்டினால் கிணறு அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கல்கட்டு முழுவதும் சரிந்துவிடும். அத்தா கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழி பார்க்கலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் அவர் காதருகே சொன்னார். அம்மா அத்தாவின் முகத்தையே பார்த்தாள்.

“வெட்டுங்கப்பா” என்றார் அத்தா. “உள்ள தண்ணியா கெடக்கு, யோசிக்க?”

மண் அள்ளும் சத்தத்துக்குத் தாய்மாடு மலையோரப் புதர்வரை விலகிப்போய், அங்கேயே நின்றது. வேலை முடியச் சாயங்காலமாகிவிட்டது. எல்லோரையும் வெகுதூரம் பின்னால் தள்ளிவிட்டுக் காவலர் மட்டும் மறைந்து நின்றார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கன்று செத்துவிட்டது என்றே நினைத்தோம். பிறகு, சேறு பூசிய ஒரு செம்பழுப்புத் தலை சரிவில் தெரிந்தது. பின்னங்கால் ஒன்றை நொண்டியபடி ஏறி வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எங்கள் வாசலில் போய் நின்றது. புதரிலிருந்து தாய் ஒரு குரல் கொடுத்தது. கன்று திரும்பி அந்தப் பக்கம் நடந்தது. தாய் அதை நக்கி முடித்தது. அதுவரை அம்மா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

கிணறு அடுத்த மழையில் தூர்ந்தது. திராட்சை அதற்கும் அடுத்த வருஷம் போயிற்று. போரில் காற்றுதான் வந்தது. அத்தா தோட்டத்தை விற்றுவிட்டு ஊரில் கடை வைத்தார். பிறகு அடிவாரம் முழுவதும் அகழி வெட்டி, அதற்குள்பக்கம் சோலார் வேலி போட்டார்கள். விலங்குகள் கீழே வருவது குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான், அந்த அறையின் வெக்கை இன்னும் கனவில் வருவதால்.

இப்போது நான் தேனியில் குடியிருக்கிறேன். போன கோடையில், அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அம்மா தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். சீட்டு வீடு இல்லை. ஓடை இருந்த இடத்தில் கல்லும் சீமைக்கருவேலமும் மட்டும் இருந்தன. ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் சாரலை நம்பி விதைக்கிறவர் இப்போது யாரும் இல்லை. வேலியோரம் இளவயதுக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே அதுகளுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று அம்மா அவரிடம் கேட்டாள்.

“தொட்டி கட்டியிருக்கும்மா. கோடையில லாரியில கொண்டாந்து ஊத்துவாக.”

“தண்ணி எங்கன இருந்து?”

அவர் எங்களுக்குப் பின்னால், பள்ளத்தாக்கின் பக்கம் கையைக் காட்டினார். “இங்கன கீழ, தோட்டத்துப் போர்கள்ல இருந்துதான்.”

அம்மா திரும்பிக் கீழே பார்த்தாள். தென்னைகளுக்கு நடுவில் எங்கோ ஒரு போர் வண்டி புதிதாகத் துளைபோட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. ஈரம் படாத வெறும் புழுதி. தண்ணீர் தட்டுப்பட்டு அது நனைகிறதா என்று அம்மா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் அவளைக் கூப்பிட்டேன்.