ஆன்டெனாவுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

விசைப்படகுகளின் வயர்லெஸ் ஆன்டெனாவை அளந்து பார்க்கிறவனுக்குப் படகு கரையில் கட்டிக் கிடக்கும்வரைதான் நிம்மதி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகமா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

தொழிலைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் பெட்டியிலிருந்து கிளம்பும் சக்தி முழுவதும் ஆன்டெனா வழியாக வெளியே போய்விட வேண்டும். எங்கேயாவது இடறினால் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். போவதையும் திரும்புவதையும் ஒப்பிட்டு மீட்டர் ஓர் எண் சொல்லும். அதற்கு எஸ்.டபிள்யூ.ஆர். என்று பெயர். ஒன்று என்றால் ஒன்றுமே திரும்பவில்லை. ஒன்றரை வரை எனக்குச் சோறு இறங்கும். இரண்டைத் தாண்டினால் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுத் தேடுவேன். மூன்றைத் தாண்டினால் பேச்சு தூரம் போகாது, அழுத்தி அழுத்திப் பேசினால் செட்டே கெட்டும் போகலாம். கடலில் இருப்பவனுக்குக் கரையின் குரல் கேட்பது இந்த எண்ணை நம்பித்தான் என்பதால், நான் எப்போதும் மூன்று முறை அளப்பேன்.

சுத்தமான ஒன்று

மூன்று முறை அளக்கும் பழக்கம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படகில் அளந்தேன். மீட்டர் சுத்தமாக ஒன்று என்று காட்டியது. புள்ளி ஒன்று கூடக் கூடவில்லை. இப்படி ஒரு ஆன்டெனாவை என் ஆயுசில் பார்த்ததில்லை என்று பெருமையாக நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

செட்டைச் சோதிக்க, ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்கிக்கொள்ளும் ஒரு சின்ன உருளையை மாட்டுவது வழக்கம். அதைக் கழற்ற மறந்துவிட்டேன். நான் அளந்தது அந்த உருளையைத்தான். ஆன்டெனா மேல்தளத்தில் வலைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. என்னோடு வேலை பார்த்த தங்கராஜ் அண்ணன் அதைக் காலால் லேசாகத் தட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

“எல மக்கா, ஆன்டெனா இல்லாமலே ஒண்ணு காட்டுதுன்னா, அந்தச் சாமானத்த எதுக்குல வெலகுடுத்து வாங்குதாவ?”

கைலி

பிறகு ஒருநாள், பெர்னாத் ஸ்ராங்கின் படகு. எங்கள் பக்கம் படகை ஓட்டிப் போகும் தலைவனுக்கு ஸ்ராங்கு என்று பெயர்; படகின் முதலாளி கரையில் இருந்தபடி வயர்லெஸ்ஸில் அவரை அதட்டிக்கொண்டே இருப்பார். பெர்னாத் நல்ல மனிதர், என்னைக் கேலி செய்வது மட்டும் அவருக்குப் பொழுதுபோக்கு. முதல் முறை அளந்தபோது ஒன்று புள்ளி நான்கு. இரண்டாம் முறை இரண்டு புள்ளி எட்டு. கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டேன். அப்போதும் இரண்டு புள்ளி எட்டு. செட்டைக் கழற்றினேன், வேறு செட் மாட்டினேன். அதே எண்.

அரை மணி நேரம் கழித்துத்தான் தலையை வெளியே நீட்டி மேலே பார்க்கத் தோன்றியது. இரண்டு அளவுக்கும் நடுவே, படகின் சமையல்காரர் உப்புத்தண்ணீர் சொட்டும் தன் கைலியை ஆன்டெனாவில் சுற்றிக் காயப் போட்டிருந்தார். நான் கீழே நின்று முறைப்பதைக் கண்டு அவர் பதறவேயில்லை.

“அளந்து முடிச்சியளா அண்ணே? கொஞ்சம் அந்தக் கைலிய எடுத்து இஞ்ச போடுங்க, இந்நேரம் காஞ்சிருக்கும்.”

மூன்று கோட்

இனிச் சொல்லப்போவது எனக்குத் தூக்கம் போன கதை. எங்கள் கடற்கரையில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் மீன்பிடித் தடை. தடை முடிவதற்குள் படகுகளைக் கரையேற்றி, பழுது பார்த்து, வண்ணம் பூசி, பங்குச்சாமியார் வந்து ஜெபித்து, புனித நீர் தெளித்து மந்திரித்த பிறகுதான் கடலுக்கு இறக்குவார்கள். மந்திரிப்புக்கு மூன்று நாள் முன்னால் பெர்னாத்தின் படகை அளந்தேன். மூன்று முறையும் ஒன்று புள்ளி மூன்று. “ஓய் சாரே, பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்வளவு நேரம் பாக்கல்ல” என்று பெர்னாத் சிரித்தார். நானும் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

படகுகள் கிளம்பும் நாளில், பெர்னாத்தை வழியனுப்பலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். ஒரு வேலையாக ஆரல்வாய்மொழிக்குப் போய்விட்டுத் திரும்பிய பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. நீலமும் மஞ்சளுமாகப் படகு. அதன் உச்சியில், வெள்ளையாக இருக்க வேண்டிய ஆன்டெனா, வெயிலில் வெள்ளிக்கோல் போல மின்னியது. சில்வர் பெயிண்ட். அலுமினியத் தூள் கலந்த பெயிண்டை அதன்மேல் பூசினால் அந்த உலோகம் அலையைத் தடுக்கும், அதுவரை அளந்ததெல்லாம் வீண். பேசுவதும் கேட்பதும் இரண்டும் படுத்துவிடும்.

கையை ஆட்டிக் கத்தினேன். பெர்னாத் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார். போன் செய்தேன், எடுக்கவில்லை. கடலுக்கு இறங்கினால் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவது அவர் வழக்கம். படகுக்குள் ஒன்பது பேர். பத்து நாள் கடலிலேயே தங்கல். பெயிண்ட் அடித்தவர் வேறொரு படகுக்குப் பூசிய தூரிகையைக் கழுவியபடி பக்கத்திலேயே நின்றார். யார் அடிக்கச் சொன்னது என்று அவரிடம் பாய்ந்தேன்.

“படகுக்காரங்கதான் சொன்னாங்க. படகுக்கு ரெண்டு கோட்டு, ஏரியலுக்கு மூணு கோட்டு அண்ணே. நீங்க மெனக்கெட்டு அளந்த சாமானமில்லியா?”

கூப்பிடவும் பயம்

அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அத்தனை முறை அளந்தவன் நான். “இதற்கு மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். துறைமுகத்தில் உள்ள கரை செட்டில் உட்கார்ந்து பெர்னாத்தைக் கூப்பிட்டேன். இரைச்சலுக்கு நடுவே அரை வார்த்தை வந்தது, அவ்வளவுதான். மறுபடி கூப்பிட்டால் பதில் சொல்ல அவர் பட்டனை அழுத்துவார், அழுத்தினால் செட் கெட்டுவிடுமோ என்று கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். அடுத்துக் கிளம்பிய படகில் சொல்லியனுப்பினேன். அவர்கள் தெற்கே போனார்கள். பெர்னாத் போனது மேற்கே.

மாதா கோயில் வாசலில் பெர்னாத்தின் மனைவி ஸ்டெல்லாவை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் புகுந்தேன். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. காற்று சற்றுப் பலமாக அடித்தாலே வாசலில் போய் நின்று வானத்தைப் பார்த்தேன். என் மனைவி கிரேஸ் பள்ளிக்கூட டீச்சர். தப்பைச் சிவப்பு மையால் சுழித்தே பழகியவள். விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஒங்களுக்க பயமும் வெப்ராளமும் ஸ்டெல்லா ஏசிருவாளேன்னுதான். அந்த ஒம்பது பேருக்காவண்டி இருந்தா, மொத நாளே போய் சொல்லியிருப்பிய.”

ஸ்டெல்லா

ஐந்தாம் நாள் காலை எச்சரிக்கை வந்தது. காற்று பலக்கும், கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். கரை செட்டில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட ஆரம்பித்தோம். எங்கள் குரல் நேராக எட்டாத தூரத்தில் இருக்கும் படகுகளுக்கு, நடுவில் நிற்கும் படகுகள் செய்தியைக் கடத்தும். மத்தியானத்துக்குள் எல்லாப் படகும் பதில் சொல்லிவிட்டது, பெர்னாத்தின் படகைத் தவிர. வாசலில் ஸ்டெல்லா வந்து நின்றாள். “சாரே, நீங்க அளந்து பாத்த செட்டில்லியா? நல்லாத்தானே இருந்து?” என்றாள்.

இந்த முறை ஓட வேறு தெரு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், அரை வார்த்தை, நான் சைக்கிளைத் திருப்பியது எல்லாம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏசப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். “அந்தப் பெயிண்ட நான்தான் சாரே அடிக்கச் சொன்னேன். மந்திரிப்புக்கு நம்ம படகு எடுப்பா நிக்கட்டும்னு ஆசப்பட்டேன்” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனால் முதலில் கண்ணைத் துடைத்தது அவள்தான். செட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தூரத்துக்குத்தானே கேக்காது? மேக்கே உள்ள படகெல்லாம் இப்ப திரும்பி வருதுல்லா? அவருக்கப் பக்கத்துல வந்து விளிச்சா கேக்காதா சாரே?”

உப்புத்தாள்

கேட்கும். இருபது வருடம் மீட்டர் பிடித்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும், பயத்தில் தோன்றவில்லை. எவ்வளவு பழுதான ஆன்டெனாவும் கூப்பிடு தூரத்தில் கொஞ்சமாவது பேசும். மேற்கிலிருந்து திரும்பும் ஆறு படகுகளுக்கும் சொன்னோம்: பெர்னாத் வலை போடும் இடத்தை ஒட்டி வாருங்கள், வரும் வழியெல்லாம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே வாருங்கள். சுற்றுவழி என்று ஒருவர்கூட முனகவில்லை. ஒன்றரை மணி நேரம் போனது. ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டினாள். கிரேஸ் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது படகு பேசியது. பெர்னாத்துக்குக் கேட்டுவிட்டது, வலையை இழுத்துவிட்டார்கள், எங்களோடுதான் வருகிறார்கள். ஸ்டெல்லா என் மேசையில் தலை சாய்த்துவிட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை பெர்னாத்தின் படகு உள்ளே வரும்போது காற்று தொடங்கிவிட்டது. கயிறு கட்டுமுன்பே நான் மேலே ஏறிவிட்டேன். அளந்தேன். மூன்று புள்ளி நான்கு. உப்புத்தாளை எடுத்து ஆன்டெனாவை மேலிருந்து கீழ்வரை தேய்த்தேன். ஒன்பது பேரும் இறங்கி வீட்டாரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்னாத் மட்டும் மனைவியின் கையை விடாமலே அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

“ஓய் சாரே, அதச் சொரண்டாதீரும்! அஞ்சு நாளு மொதலாளிக்கச் சத்தம் கேக்காம, எவ்வளவு நிம்மதியா மீன் பிடிச்சேன் தெரியுமா?”

ஆன்டெனாவை நான் இப்போதும் மூன்று முறைதான் அளக்கிறேன், ஆனால் மந்திரிப்புக்கு முந்தைய மூன்று நாளும் பெயிண்ட் டப்பா வைத்திருக்கும் எவரையும் பின்தொடர்ந்து துறைமுகத்தைச் சுற்றும் பைத்தியக்காரன் என்ற பெயரையும் கூடவே சம்பாதித்திருக்கிறேன்.