சமயநல்லூர் முனீஸ்வரியின் கப்பல் வழக்கு

சமயநல்லூர் நல்லகாமன் மகள் முனீஸ்வரி கப்பலைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். அதனால் அவளுடைய கடல்சார் சட்ட அறிவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் பதினொரு நாள் நங்கூரம் போட்டு நின்ற நிலக்கரிக் கப்பலுக்குத் தாமதக் கட்டணம் யார் தருவது என்பதை, 2004ஆம் வருடக் கோடை முழுக்க ஆரப்பாளையம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தாள். காய்கறிக் கூடையோடு பக்கத்தில் நிற்கும் முருகம்மாளுக்கே பாதி வாதம் அத்துப்படி. "இன்னைக்காச்சும் அந்தக் கப்பல் உள்ள போச்சாத்தா?" என்று தினமும் விசாரிப்பாள்.

அது சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான மூட் கோர்ட் போட்டி. கப்பல் கற்பனை, வழக்கு கற்பனை. மத்தியஸ்தர்களாக உட்காரும் மூன்று நடுவர்கள் மட்டும் நிஜம். ஆளுக்கொரு தரப்புக்காக இரண்டு கல்லூரிகள் வாதாட வேண்டும். நன்றாக வாதாடுகிறவருக்குச் சென்னையில் கப்பல் வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் மூன்று மாதப் பயிற்சி. முனீஸ்வரிக்கு வேண்டியது அந்த மூன்று மாதம்தான். தவறினால் வாடிப்பட்டி கோர்ட்டில் வரப்புத் தகராறு காத்திருந்தது.

இறுதிச் சுற்று அவளுடைய கல்லூரியிலேயே நடந்தது. தாளாளர் வீரணன் பண்பாடு தெரிந்தவர். யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் அவர் தண்ணீர்த் தொட்டியைக்கூடத் திறந்ததில்லை. வாதம் தொடங்குமுன், "எங்கள் அணியின் சார்பாக" என்று மைக்கில் அறிவித்து, மூன்று நடுவர்களுக்கும் ஜரிகைப் பொன்னாடை போர்த்தினார். போட்டோவில் சரியாக விழ, இரண்டிரண்டு முறை போர்த்தினார்.

முனீஸ்வரி தன் வாதக் குறிப்பைப் புரட்டினாள். ஒரு தரப்பிடம் கைநீட்டி வாங்கிய மத்தியஸ்தர் அந்த வழக்கைத் தொடவே கூடாது என்று அதில் அவளே ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள்.

எதிர்த்து வாதாட வந்த சென்னை அணியின் சாய்பிரசாத் எழுந்து, பவ்யமாக, அதையேதான் சொன்னான். அரங்கம் முகம் சுளித்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு மரியாதை செய்வது குற்றமா? நடுவர்கள் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள். கழற்றிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை மட்டும் எவருக்கும் உதிக்கவில்லை. போர்த்தியதைக் கழற்றினால் போர்த்தியவருக்கு அவமானமல்லவா.

வீரணன்தான் வழி கண்டுபிடித்தார். "இம்புட்டுத்தானே? தம்பி பேர்லயும் ஆளுக்கு ஒண்ணு போட்டுருவோம்."

அவருடைய பீரோவில் எப்போதும் இருப்பு உண்டு. ஐந்தே நிமிடத்தில், மே மாத மதியத்தில், ஆளுக்கு இரண்டு பொன்னாடையோடு வியர்த்து வழிந்த நடுவர்கள், நடுநிலை மீட்கப்பட்டதாக அறிவித்தார்கள். சாய்பிரசாத் தனக்குத் திருப்தி என்றான்.

"உனக்கு ஏதும் சொல்ல இருக்காம்மா?" என்று தலைமை நடுவர் முனீஸ்வரியைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு நேராகக் கப்பலுக்குப் போயிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு அப்பால்தான் சென்னை இருந்தது.

"இருக்குங்கய்யா. முன்னால ஒரு பக்கந்தான் வாங்கியிருந்தீங்க. இப்ப ரெண்டு பக்கமும் வாங்கிட்டீங்க."

பிறகு அவள் நாற்பது நிமிடம் பிசிறில்லாமல் வாதாடினாள். நடுவர்கள் அவளுடைய வாதக் குறிப்பை மடித்து விசிறிக்கொண்டார்கள். பரிசு சாய்பிரசாத்துக்குப் போனது; சபை நாகரிகத்துக்குத் தனி மதிப்பெண்ணாம். முனீஸ்வரிக்கு வாடிப்பட்டி உறுதியானது.

ஆறுதலாக அவளுக்கும் ஒரு பொன்னாடை வந்தது. தலைமை நடுவரே விரித்துக்கொண்டு கிட்டே வந்தார். முனீஸ்வரி அதைக் கையில் வாங்கி, உதறி, அவருடைய தோளிலேயே மூன்றாவதாகப் போர்த்தினாள்.

"இதையும் நீங்களே வச்சுக்கங்கய்யா."

போட்டோ சரியாக விழவில்லை, இன்னொரு தடவை போர்த்துங்கள் என்றார் போட்டோக்காரர். நடுவர் தோளைக் காட்டிக்கொண்டு நின்றார்.